பிரித்துக் காட்டு, சேசகிரி

மெக்கானிக் சேசகிரி கருகிப்போன கிளட்ச் பிளேட்டைக் கையோடு தூக்கிவந்து டிரைவிங் ஸ்கூல் மேஜைமேல் டொங்கென்று போட்டான். கௌடரின் வெற்றிலைப் பெட்டி ஒருமுறை துள்ளி அடங்கியது.

“தசராவுக்கு அப்புறம் இது ரெண்டாவது, கௌட்ரே. மோந்து பாருங்க,” என்றான். “வீட்டுல சோத்தக் கருக்குறது பத்தாதுன்னு இங்க வந்து இதையும் கருக்கிட்டுப் போறாங்க.”

முதலாளி திம்மப்ப கௌடர் பிளேட்டை மோந்து பார்க்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நாகவேணியைப் பார்த்தார். கர்நாடக மலையூரான தீர்த்தஹள்ளியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்த ஒரே பெண் அவள். காலை வேளை முழுக்க அவளுடைய வகுப்பு. மதியத்துக்கு மேல் அதே காரில் கௌடரின் தங்கை மகன் பிரசன்னா ஆண்களுக்குச் சொல்லித்தருவான்.

“கேட்டியா நாகவேணி?”

“கேட்டேன். யாரு கருக்குனாங்கன்னு பிளேட்டுல பேரு எழுதியிருக்கா?”

“பேரு எதுக்கு மேடம்?” சேசகிரி சிரித்தான். “காலையில உங்க பொம்பளைங்க ஏறுனா வண்டி முரட்டுக் குதிரை மாதிரி உதறுது. மதியம் பசங்க ஏறுனா தொட்டில் மாதிரி போகுது. ஊரே பாக்குது. நான் வேற சொல்லணுமா?”

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் நாகவேணிக்கு எரிச்சலாக இருந்தது. தசராவிலிருந்தே காலையில் வண்டி நகரும்போதெல்லாம் தடதடவென்று உதறியது. மேடு ஏறும்போது எஞ்சின் கத்தியதே தவிர வண்டி நகர மறுத்தது. கருகல் வாடை கண்ணைக் கரித்தது. பிரசன்னா கையில் அதே வண்டி சமர்த்தாகப் போனதை அவளும் தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

கௌடர் பாக்கை வாயில் ஒதுக்கிக்கொண்டு முடிவைச் சொன்னார். “புது பிளேட் போடச் சொல்றேன். இதுவும் கருகுச்சுன்னா பொம்பளைங்க வகுப்ப நிறுத்திடலாம். எனக்கும் தலைவலி வேணாம், உனக்கும் வேணாம்.”

“எனக்குத் தலைவலின்னு நான் சொல்லவே இல்லையே,” என்றாள் நாகவேணி.

அவள் அப்படித்தான். குரலைத் தாழ்த்திப் பேச அவளுக்கு வராது. ஆகும்பே மலைப்பாதையின் அடிவாரத்தில், சோமேஸ்வரத்தில் பிறந்தவள். அப்பா மலைப்பாதையில் மினி பஸ் ஓட்டினார். அண்ணன்கள் இருவருக்கும் மீசை முளைக்கும் முன்பே ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இவள் கேட்டபோது, “நீ ஓட்டிக்கிட்டு எங்க போகப் போற?” என்று கேட்டுவிட்டு அப்பா குளிக்கப் போய்விட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது கல்யாணத்துக்குப் பிறகுதான்.

புருஷன் கணபதிக்கு மாவு மில். மூட்டை ஏற்ற ஒரு சின்ன சரக்கு வண்டி வைத்திருந்தார். ஆனால் வளைவு வந்தால் அவருக்குத் தலை சுற்றும். இரண்டு திருப்பத்துக்கு ஒருமுறை ஓரம் கட்டிவிட்டு வாந்தி எடுப்பார். மலைநாட்டில் வளைவில்லாத சாலைக்கு எங்கே போவது? ஒருநாள் அவரை இடப்பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு நாகவேணி வலப்பக்கம் ஏறினாள். லைசென்ஸ் வாங்கப் போனபோது இன்ஸ்பெக்டர் கேட்டார், “வீட்டுக்காரருக்குத் தெரியுமா?” என்று. “அவருக்குப் பயம் சார், அதனாலதான் நான் வந்தேன்,” என்றாள். கணபதி பின்னால் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அண்ணன்களுக்கு அது பெரிய மானக்கேடாகிவிட்டது. மூத்தவன் மகள் கல்யாணத்துக்கு, “பஸ்ஸுல வா, வண்டிய எடுத்துட்டு வந்து எங்க மானத்த வாங்காத,” என்று சொல்லியனுப்பினான். அன்று சமையல்காரரின் வண்டி வழியில் படுத்துவிட, பந்தலுக்குப் பாத்திரம் வந்து சேரவில்லை. அண்டா, குண்டான், கரண்டி எல்லாவற்றையும் நாகவேணி தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, பந்தல் வாசலில், மாப்பிள்ளை கார் நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்தினாள். பாயசம் பரிமாறும்வரை வண்டியை நகர்த்தவில்லை. மூத்த அண்ணன் அவளோடு பல வருஷம் பேசாமல் இருந்தான். அவளும் பேசப் போகவில்லை.

மில் ஓட்டம் குறைந்து வண்டியை விற்றபிறகு கௌடரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். தோட்டக்காரர் வீட்டு மருமகள்கள், நர்சுகள், டீச்சர்கள். அந்த வருஷம் சேர்ந்தவர்களில் ஜலஜாக்‌ஷி தனி ரகம். கடற்கரை மல்பேயிலிருந்து மீன் கொண்டுவந்து தீர்த்தஹள்ளிச் சந்தையில் விற்பவள். நாகவேணியைவிட மூத்தவள். மீன் வண்டிக்காரன் வாரத்துக்கொரு தடவை குடித்துவிட்டுக் கவிழ்த்துப் போட்டதில் வெறுத்துப்போய், தானே ஓட்டுவதென்று முடிவு கட்டியிருந்தாள்.

“எனக்கு ரிவர்ஸ் எல்லாம் வேணாம் டீச்சரே,” என்றாள் முதல்நாளே. “முன்னால போகத் தெரிஞ்சா போதும். பின்னால போற பழக்கம் எனக்கில்ல.”

இந்தக் கூட்டத்தைத்தான் கௌடர் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தார்.

நாகவேணி அன்று மதியமே சேசகிரியின் பட்டறைக்கு வண்டியைப் பார்க்கப் போனாள். புது பிளேட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, கிளட்ச் மிதியைக் கையால் அழுத்தினாள். மிதி ஆரம்பத்தில் இரண்டு விரல் கனத்துக்குச் சும்மா ஆட வேண்டும். அதற்கப்புறம்தான் இழுவை தெரிய வேண்டும். இதிலோ தொட்ட உடனே இறுகியது.

கிளட்ச் என்பது பெரிய மர்மம் இல்லை. தன் மாணவிகளுக்கு அவள் உள்ளங்கைகளைச் சேர்த்துக் காட்டித்தான் சொல்லுவாள். ஒரு கை எஞ்சின், ஓயாமல் சுற்றுவது. இன்னொரு கை சக்கரத்தின் பக்கம். இரண்டும் இறுக்கி ஒட்டினால் வண்டி போகும். மிதித்தால் கைகள் பிரியும். கேபிளை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால், யாரும் மிதிக்காமலே கைகள் பாதி பிரிந்தே இருக்கும். ஒட்டியும் ஒட்டாமலும் உரசி உரசிக் கருகும்.

“சேசகிரி, இங்க வா. இதுல ஆட்டமே இல்ல. நீ கேபிள இழுத்துக் கட்டியிருக்க. எங்க பொம்பளைங்க கால் வைக்கிறதுக்கு முந்தி நீயே கால் வெச்சிட்ட.”

பட்டறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். சேசகிரியின் காது சிவந்தது. “அது அப்படித்தான் இருக்கணும்,” என்றான். அவள் விடவில்லை. பக்கத்தில் சர்வீசுக்கு நின்ற இன்னொரு காரின் மிதியை அழுத்திக் காட்டினாள். அது சும்மா ஆடியது. சேசகிரி முணுமுணுத்துக்கொண்டே ஸ்பானரை எடுத்துக் கேபிளைத் தளர்த்தினான்.

“இனிமே ஒரு பிளேட்டும் கருகாது,” என்று நாகவேணி அங்கிருந்தவர்களிடம் சொன்னாள். தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னாள்.

கருகியது.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு காலையில், பாலத்துக்கு அப்பால் இருக்கும் மேட்டில், ஜலஜா வண்டியை எடுக்கும்போது பழையபடி உதறல். எஞ்சின் கத்தியது. புகை நாற்றம் மேலே வந்தது. நாகவேணி ஜலஜாவை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். கை பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்ச்சை மெல்ல விட்டாள். பிடிக்கிற கிளட்ச் என்றால் எஞ்சின் அந்த இடத்திலேயே மூச்சடைத்து நிற்க வேண்டும். நிற்கவில்லை. யாருக்கு வந்த விருந்தோ என்பதுபோலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜலஜா குனிந்து மூக்கை உறிஞ்சினாள். “டீச்சரே, இது வேற வாடை.”

“கிளட்ச் கருகுற வாடைதான்.”

“கருகல் இருக்கு. ஆனா எண்ணெயும் இருக்கு. பூத்தாய் மீனப் பொரிக்கும்போது எண்ணெய் அடுப்புல சிந்துனா வரும் பாருங்க, அது. மீன்காரி மூக்கு, சும்மா சொல்லாது.”

நாகவேணிக்கு அன்று அதைக் காதில் வாங்கும் மனநிலை இல்லை. ஊர் முழுக்கக் கேட்க அல்லவா சொல்லியிருந்தாள்! திரும்பி வந்தபோது செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. டிரைவிங் ஸ்கூல் சுவரில் மறுநாளே ஒரு பலகை ஏறிவிட்டது. பச்சைப் பெயின்டில் பெரிய எழுத்து: பெண்கள் வகுப்பு இல்லை.

எதிர் ஹோட்டலில் சேசகிரி நண்பர்களோடு தோசை தின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஒருவன், “மேடம், கேபிளு எப்படி இருக்கு?” என்றான். மேஜை முழுக்கச் சிரிப்பு. வேறொருத்தியாக இருந்தால் அடுத்த தெரு வழியாக வீட்டுக்குப் போயிருப்பாள். நாகவேணி சாலையைக் கடந்து நேராக ஹோட்டலுக்குள் போய், அவர்கள் மேஜையிலேயே காலியாயிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தோசை கேட்டாள்.

“கேபிள் இறுக்கமாத்தான் இருந்துச்சு. அத நான் சொன்னேன். இன்னமும் சொல்றேன்,” என்றாள். “அது ஒண்ணு மட்டும்தான் கோளாறுன்னு நெனச்சேன் பாரு, அது என் தப்பு. இன்னொண்ணு இருக்கு. அதையும் கண்டுபிடிப்பேன். சட்னி எங்கப்பா?”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் தோசையை முழுசாகத் தின்னவும் இல்லை. வீட்டுக்கு வந்து கணபதியிடம், “எல்லாரும் சேர்ந்து என்னக் கிறுக்கச்சி ஆக்கிட்டாங்க,” என்றாள். கண் கலங்கியிருந்தது. கணபதி மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, “கிறுக்கச்சிதானே, வண்டி ஓட்டுனப்பவே சொன்னாங்களே,” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பலகை ஏறினாலும் முன்பே சேர்ந்தவர்களுக்கு வகுப்பை முடித்துக்கொடுக்க வேண்டுமென்று அவள் பிடிவாதம் பிடித்தாள். கௌடர் எரிச்சலோடு ஒத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் எள்ளமாவாசை ஜாத்திரை வந்தது. ராமேஸ்வரர் கோவிலைச் சுற்றித் தெருவெல்லாம் கடை. வளையல், பேரிக்காய் அளவு லட்டு, ராட்டினம். கௌடரின் வீடு கோவில் தெருவில். கார் உள்ளே நுழைய வழியில்லை. ஜாத்திரை முடியும்வரை வண்டியை நாகவேணி தன் மில் வாசலிலேயே நிறுத்திக்கொண்டாள்.

ஜாத்திரை நாட்களிலும் விடிந்ததும் அவள் வகுப்பு எடுத்தாள். முதல்நாள் வண்டி வழக்கம்போல உதறியது. மறுநாள் உதறல் கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த காலையில் ஜலஜா மேட்டில் நிறுத்தி எடுத்தபோது வண்டி முனகாமல் ஏறியது. ஜலஜாவுக்கே நம்பிக்கை இல்லை. “டீச்சரே, நீங்க உங்க பக்கத்து பிரேக் கிரேக் எதையாவது மிதிச்சீங்களா?” என்றாள். “நான் ஒண்ணும் செய்யல, நீதான்,” என்றாள் நாகவேணி. சொல்லிவிட்டு யோசனையில் ஆழ்ந்தாள்.

கடைகளைப் பிரித்தார்கள். கார் கௌடரின் வீட்டுக்குப் போனது. மறுநாள் காலை வெளியே எடுத்ததுமே தடதடவென்று உதறல்.

அதே பெண்கள். அதே கால்கள். அதே மேடு. மாறியது ஒன்றுதான்: வண்டி இரவெல்லாம் நின்ற இடம்.

நாகவேணி நேராகக் கௌடரின் வீட்டுக்கு நடந்தாள். கார் வழக்கமாக நிற்கும் முற்றம் முழுக்க வேகவைத்த பாக்குக் காய்ந்துகொண்டிருந்தது. அறுவடைக் காலம். தசராவுக்கு அப்புறம் முற்றத்தைப் பாக்குக்குக் கொடுத்துவிட்டு, வண்டியைக் கொல்லைப்பக்கம் ஓடைச் சரிவுக்குத் தள்ளியிருந்தார்கள். அங்கே வலப்பக்கச் சக்கரங்கள் மேட்டிலும் இடப்பக்கச் சக்கரங்கள் பள்ளத்திலும் நிற்கும். இந்தக் காரில் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. கியர் பாக்ஸும் கிளட்சும் அதன் இடப்பக்கம். இரவெல்லாம் எஞ்சின் ஆயில் அந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கும். நடுவில் தடுக்க இருப்பது ஒரு ரப்பர் வளையம் மட்டும்தான். அந்த ஆயில் சீல் தேய்ந்திருந்தால்?

சரிவில், இடப்பக்கச் சக்கரங்கள் நிற்கும் இடத்தருகே உலர்ந்த பாக்குமட்டைகள்மேல் கறுப்பாக ஒரு கறை இருந்தது. அவள் மட்டையை எடுத்து விரலால் தொட்டுப் பார்த்தாள். வழுவழுவென்றிருந்தது. பிறகு வண்டியை மில் வாசலுக்குக் கொண்டுவந்து, சாக்கை விரித்து அடியில் புகுந்தாள். கிளட்ச்சை மூடியிருக்கும் கூட்டின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் துணியை நுழைத்துத் துடைத்தாள். துணி கறுப்பாக வந்தது. மோந்து பார்த்தாள். கியர் ஆயிலின் அழுகின நெடி இல்லை. எஞ்சின் ஆயில்தான்.

காலையில் ஏறும் பெண்கள் எண்ணெயில் ஊறிய கிளட்ச்சோடு மல்லுக்கட்டினார்கள். அவர்கள் ஓட்டி ஓட்டி எண்ணெய் எரிந்து உலர்ந்தபின் மதியம் பசங்கள் சுகமாக ஏறிக்கொண்டார்கள். நாகவேணி வண்டிக்கு அடியில் படுத்தபடியே கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள். மாவு அரைக்க வந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கௌடர் கேட்டுக்கொண்டார், ஆனால் அசையவில்லை. “முதல்ல கேபிள்னு சொன்ன. இப்ப சீல்னு சொல்ற. நாளைக்கு சாமி குத்தம்னு சொல்லுவ. கியர் பாக்ஸ இன்னொரு தடவை இறக்கவெல்லாம் முடியாது.”

“இறக்கித்தான் ஆகணும் கௌட்ரே.”

“நான் முடியாதுங்கறேன்.”

“நான் ஆகணுங்கறேன்.”

அடுத்த நாள் காலை சேசகிரி பட்டறைக்கு வந்தபோது, கேட்டுக்குக் குறுக்கே டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. உள்ளே இருக்கும் வண்டி வெளியே வர முடியாது, வெளியே இருப்பது உள்ளே போக முடியாது. காரின் முன்னால் நாகவேணி. பக்கத்தில் ஐந்தாறு பெண்கள். ஜலஜா மீன் கூடையைச் சந்தைக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே இறக்கி வைத்துக்கொண்டு, வந்து போகிறவர்களிடம் வியாபாரம் பேச ஆரம்பித்திருந்தாள்.

“என்ன மேடம் இது?”

“வண்டிக்கு வேலை இருக்கு. பிரி.”

“கௌடர் சொல்லட்டும்.”

“சாவி என்கிட்ட இருக்கு. கௌடர்கிட்ட இல்ல. பிரிச்சுக் காட்டு, சேசகிரி. எங்க கால் செஞ்ச வேலைன்னா நான் இந்த ஊருல ஸ்டியரிங்கத் தொடவே மாட்டேன். இவங்க எல்லாரும் கேக்கத்தான் சொல்றேன்.”

“போன தடவையும் எல்லாரும் கேக்கத்தான் சொன்னீங்க.”

“ஆமா. மறுபடியும் சொல்றேன். வெக்கமா இருந்தா உனக்கு இருக்கட்டும், எனக்கில்ல.”

கௌடருக்கு ஆள் போய், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கத்தினார். “போலீசக் கூப்பிடுவேன்,” என்றார். “கூப்பிடுங்க சாமி,” என்றாள் ஜலஜா, “போலீஸ்காரம்மா கூட நம்ம வகுப்புல சேரணும்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க.” சாலையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவே பட்டறைக்குள் தன் வண்டி மாட்டிக்கொண்ட ஒரு பாக்கு வியாபாரி கௌடரின் தோளைத் தொட்டு, “பிரிச்சுத்தான் பாக்கட்டுமே ஓய், எனக்கு சிவமொக்காவுக்குப் போகணும்,” என்றார். கௌடர் தரையைப் பார்த்துத் துப்பினார். “பிரிடா,” என்றார்.

சேசகிரி தனியாகப் பிரிக்க நாகவேணி விடவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டும் கழல்வதைப் பார்த்தாள். கியர் பாக்ஸ் இறங்கியது. கூட்டின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பு எண்ணெய் வழிந்து, கிளட்ச் தூசியோடு குழைந்து, களிம்பு மாதிரி அப்பியிருந்தது. பிளேட்டை எடுத்தபோது கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஃபிளைவீல் சக்கரத்தைக் கழற்றியதும் அதன் பின்னால் சீல் தெரிந்தது. ரப்பர் இறுகிக் கல்லாகியிருந்தது. வளையத்தின் விளிம்பில் ஒரு பிளவு. அதன் அடியில் ஒரு சொட்டு திரண்டு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே விழுந்தது.

“முதல் தடவை பிரிச்சப்பவே ஈரமா இருந்துச்சு,” என்றான் சேசகிரி. தலை நிமிராமல் சொன்னான். “பெட்ரோல் போட்டுத் தொடச்சிட்டேன்.”

“ஏன் சொல்லல?”

“கொஞ்சமாத்தான் இருந்துச்சு. கேபிளு வேற இறுக்கம். அப்புறம்...” அவன் கௌடரைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான். “பொம்பளைங்க ஓட்டுற வண்டிதானேன்னு தோணுச்சு. வேற எதையும் தேடல.”

அவன் அதை அவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொல்லுவான் என்று நாகவேணி எதிர்பார்க்கவில்லை. “சரி. சீல மாத்து. பிளேட்டையும் மாத்து. கேபிளுல ஆட்டம் வெய்,” என்று மட்டும் சொன்னாள்.

கௌடர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பேச்சே அவரிடம் கிடையாது. வீட்டுக்குப் போய், முற்றத்தில் ஒரு மூலைப் பாக்கை ஒதுக்கி, காருக்குச் சமதளமாக இடம் விட்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. பலகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாகவேணி இரண்டு நாள் பொறுத்தாள். பிறகு ஏணி போட்டு ஏறித் தானே கழற்றினாள். கௌடர் உள்ளேயிருந்து, “பெயின்டு வேலைக்கு ஆள் வர்றான், ‘பெண்களுக்குச் சிறப்பு வகுப்பு’ன்னு எழுதச் சொல்லியிருக்கேன்,” என்றார் சமாதானமாக.

“சிறப்பு எதுக்கு கௌட்ரே? பசங்களுக்குப் போடுறீங்களா? வகுப்புன்னு மட்டும் போடச் சொல்லுங்க.”

வண்டி அதற்கப்புறம் உதறவில்லை. காலையிலும் இல்லை, மதியத்திலும் இல்லை.

மாசிக்குளிர் போனபின் லைசென்ஸ் தேர்வு வந்தது. நாகவேணியின் பெண்கள் ஐந்து பேர், பிரசன்னாவின் பசங்கள் ஏழெட்டுப் பேர். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் எல்லோரையும் மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னார். அது முடிந்ததும், “லேடீஸ் மட்டும் அந்த மேட்டுல நிறுத்தி எடுத்துக் காட்டட்டும்,” என்றார். “கிளட்ச் விஷயத்துல லேடீஸ் கொஞ்சம் வீக்.”

“எல்லாரும் எடுக்கட்டும் சார்,” என்றாள் நாகவேணி.

“டெஸ்ட் நான் நடத்துறேனா, நீங்களா?”

“நீங்கதான் சார். மேடு வெக்கிறதுன்னா எல்லாருக்கும் வெயுங்க. இல்லேன்னா எங்களுக்கும் வேணாம்.”

வரிசையில் நின்ற பசங்கள் கூச்சல் போட்டார்கள். பிரசன்னா வந்து, “அக்கா, சும்மா இருங்களேன், எங்க பசங்க மேட்டுல அவ்வளவா பழகல,” என்று கெஞ்சினான். “மதியமெல்லாம் என்னடா செஞ்சீங்க?” என்றாள். இன்ஸ்பெக்டர் அவளைக் கொஞ்சநேரம் முறைத்துப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. “சரி, எல்லாரும்,” என்றார்.

பசங்களில் மூன்று பேருக்கு வண்டி பின்னால் உருண்டது. பெண்களில் நான்கு பேர் ஏறிவிட்டார்கள். ஜலஜா ஏறவில்லை. அவ்வளவு வாய் பேசுகிறவள், இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்ததும் பதறிப்போய்க் கிளட்ச்சைச் சட்டென்று விட்டாள். இரண்டு தடவை எஞ்சினை நிறுத்தினாள், மூன்றாவது தடவை வண்டி துள்ளி நின்றது. அவர் பேனாவால் குறுக்கே கோடு போட்டார்.

நாகவேணி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஜலஜா அழுவாளோ என்று பயந்தாள். ஜலஜா சேலையை உதறிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

“சார்,” என்றாள் இன்ஸ்பெக்டரிடம், “அடுத்த மாசமும் இதே மேட்டுலதானே வெப்பீங்க?”

“ஆமா.”

“மாத்திடாதீங்க. எனக்கு இதே மேடுதான் வேணும்.”

அடுத்த மாதம் அவள் ஏறினாள். இப்போது மீன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு ஆகும்பே வழியாக மேலே வருகிறாள். ஹாரன் அடித்து அவசரப்படுத்துகிறவர்களுக்குக் கையை வெளியே நீட்டி அவள் காட்டும் சைகையை இங்கே எழுத முடியாது.

மேடு தேர்வு அதற்கப்புறம் எல்லோருக்கும் நிரந்தரமாகிவிட்டது. இதெல்லாம் நாகவேணி செய்த வேலை என்று ஊர்ப் பசங்களுக்கு அவள்மேல் கோபம். பஸ் ஸ்டாண்டில் அவள் கார் போகும்போது, “மேட்டு மேடம் வர்றாங்க டோய்,” என்று எவனாவது கத்துவான். அவள் காரை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்குவாள்.

“பெயிலாயிட்டியா?”

பையன் நெளிவான்.

“காலையில வா. எங்க வகுப்புல இடம் இருக்கு,” என்பாள்.